ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

கையால் செய்த ஒரு பொருள் மனதுக்குப் பிடித்துவிட்டால், அதைச் செய்தவரைப் பார்க்காமல் சைத்ராவால் ஊர் திரும்ப முடியாது. ஒரு கூடைக்காக, காரைத் திருப்ப முடியாத சந்துகளில் நுழைந்து பின்னோக்கியே வெளியே வந்திருக்கிறாள். ஒரு தலையணை உறைக்காக வால்பாறை மலைப்பாதையில் குமட்டலோடு ஏறிப்போய், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டியிருக்கிறாள். பீளமேட்டில் பம்பு உதிரிபாகப் பட்டறை நடத்தும் சாய்கிருஷ்ணாவுக்கு மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் ஹாரிகாவுக்கு அம்மா. இவை போக, அவளுக்கென்று சொந்தமாக இருந்தது இந்தத் தேடல்தான்.

அப்படித் தேடிப்பிடித்தவர்களையெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை ஒரே மண்டபத்தில் கடை போட வைத்து, அவளும் ஹுமேராவும் சேர்ந்து ஒரு சந்தை நடத்திவந்தார்கள். ஹுமேரா கோட்டைமேட்டுக்காரி, துணிப்பை தைத்து விற்பவள். ஆட்களைக் கண்டுபிடிப்பது சைத்ராவின் வேலை. மண்டபம், மேஜை, கரண்டு, கடைக்காரர்களுக்குள் வரும் சண்டை, எல்லாம் ஹுமேராவின் பொறுப்பு. சந்தைக்கு முன்பு சைத்ரா ஒவ்வொருவரைப் பற்றியும் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு எழுதுவாள். பொருளைப் பற்றி நாலு வரி இருந்தால் ஆளைப் பற்றிப் பத்து வரி இருக்கும்.

“இத்தனை பொறுமையாச் செய்யற ஒருத்தருக்குக் கெட்ட மனசு இருக்கவே முடியாது ஹுமேரா” என்பாள்.

“எனக்குத் தையல் சொல்லிக்குடுத்த டீச்சரம்மாவை நீ பார்த்ததில்லை, அதான்” என்று ஹுமேரா சிரிப்பாள்.

கிருபாசங்கரை சைத்ரா கண்டுபிடித்தது ஆனைமலையில், ஒரு மருந்துக்கடையில். தலைவலி மாத்திரை வாங்க நின்றவள், கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் மாத்திரையை மறந்துபோனாள். கறுப்பு மையில் அச்செடுத்த படம். ஒருவர் தென்னை மரம் ஏறிக்கொண்டிருக்கிறார். தலை மட்டைக்குள் மறைந்துவிட்டது. மரத்தைக் கவ்விய பாதங்கள்தான் படம் முழுக்க. பித்தவெடிப்புக்கூட ஒவ்வொரு கோடாக விழுந்திருந்தது. கீழே தேங்காய் பொறுக்கும் பெண் அண்ணாந்து பார்க்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள்.

“இது யாருங்க போட்டது?”

“நம்ம டிராயிங் மாஸ்டருங்க. ஆத்தோரம் ஊடு. ஒண்டியாத்தான் இருக்காரு. நெம்ப நல்ல மனுசனுங்க” என்றார் கடைக்காரர்.

ஹாரிகாவும் அன்று கூட வந்திருந்தாள். இருவரும் வழி விசாரித்துக்கொண்டு போனார்கள். கிருபாசங்கருக்கு அறுபது வயதிருக்கும். வெளுத்த சட்டை, மெல்லிய குரல். வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த பிறகுதான் என்ன விசயமென்றே கேட்டார். ரப்பர் போல வளையும் லினோ தகட்டில் உளியால் செதுக்கி, மை உருட்டி, தாளிலும் துணியிலும் ஒற்றி எடுப்பது அவர் வேலை. அறைக்குள் கொடி கட்டிப் படங்களைக் காயப் போட்டிருந்தார். தண்ணீர் வற்றி வெடித்துக் கிடக்கும் அணை. தேங்காய் லாரியின் மேல் வாய் பிளந்து தூங்கும் ஆள். மழைக்கு முன் கிளம்பும் ஈசல். சைத்ரா ஒவ்வொன்றின் முன்பும் நின்று நின்று நகர்ந்தாள். இதையெல்லாம் யாரும் பார்க்காமல் இந்த மனிதர் இத்தனை வருடம் எப்படி இருந்தார் என்று அவளுக்கு ஆச்சரியம்.

“நானும் செதுக்கிப் பார்க்கட்டுமா?” என்று ஹாரிகா கேட்டாள்.

“அம்மா சரீன்னாச் செய்யலாம் கண்ணு” என்றார் அவர்.

“கத்துக்கோ. இப்படி ஒருத்தர் கிடைக்கணுமே” என்றாள் சைத்ரா. வீட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை. ஹுமேராவிடம் உடனே சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. மகளை அங்கேயே விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்துபோய் வெகுநேரம் பேசினாள்.

அதற்குப் பிறகும் சில தடவை போனார்கள். முன்னால் பள்ளிக்கூடத்தில் இருந்ததாகவும், வேலை ஒத்துவராமல் விட்டுவிட்டதாகவும் ஒரு நாள் அவரே சொன்னார். சைத்ராவுக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது. வாத்தியாராக இருந்தவர் என்றதும், சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்கு அவரையே வகுப்பு எடுக்கச் சொன்னால் என்ன என்று தோன்றியது. கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க கேட்டா எப்படீங்க அம்மணி மாட்டேங்கறது” என்றார்.

சந்தையின் முதல் நாளான சனிக்கிழமை, எல்லாக் கடையையும் விட அவர் கடையில்தான் கூட்டம். தென்னை ஏறும் படம் மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஹாரிகா அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விற்ற படங்களைச் சுருட்டி உறையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கான பலகை இருந்தது. பெயர் கொடுத்த குழந்தைகளுக்கு நாற்காலி போதாது என்று ஹுமேரா வாடகைக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் மண்டபத்துக்குள் வந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள். நீலப் புடவை, தோளில் ஆபீஸ் பை. கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், கிருபாசங்கரின் கடைக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். பிறகு திரும்பி, வேகமாகக் கைகழுவும் இடத்துக்குப் போனாள். வெயிலில் வந்த மயக்கமாக இருக்கும் என்று நினைத்து சைத்ரா தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே போனாள். அந்தப் பெண் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி எடுத்திருந்தாள்.

“உக்காருங்க. டாக்டரைக் கூப்பிடட்டுங்களா?”

“வேண்டாங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்தக் கடையில இருக்கறவரு பேரு கிருபாசங்கருங்களா?”

“ஆமாங்க. தெரிஞ்சவருங்களா?”

“நாளைக்குக் கொழந்தைங்களுக்கு வகுப்புன்னு வெளியே எழுதியிருக்கீங்களே, அது அவருங்களா எடுக்கறது?”

ஆமாம் என்று சைத்ரா தலையாட்டினாள். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாத்திரம் அடுக்கி வைத்திருந்த அறைக்குள் நுழைந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பெயர் கோகிலவாணி என்றும் வங்கியில் வேலை பார்ப்பதாகவும் சொன்னாள். பிறகு மற்றதைச் சொன்னாள்.

அவள் ஏழாவது படிக்கும்போது கிருபாசங்கர் அவள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நன்றாக வரைகிற பெண்களைப் பள்ளி விட்ட பிறகு செதுக்கச் சொல்லித்தருகிறேன் என்று இருக்கவைப்பார். உளி வழுக்கும் என்று கையைப் பிடித்துத்தான் ஆரம்பிக்கும். அப்புறம் கையோடு நிற்கவில்லை. ஒரு வருடம் அப்படிப் போனது. வீட்டில் சொன்னபோது, இனிமேல் டிராயிங் வகுப்புக்குப் போகாதே என்று மட்டும் சொன்னார்கள். கூடப் படித்த இன்னொரு பெண்ணின் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டதும், மாஸ்டர் உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டுவிட்டார் என்று பிரேயரில் அறிவித்தார்கள்.

“நானும் ராதாமணின்னு ஒருத்தியும். ரெண்டு பேருங்க. அவளை அந்த வருசமே படிப்பை நிறுத்திப்போட்டாங்க. இப்ப எங்க இருக்கான்னு தெரியாதுங்க.”

சைத்ராவின் காதில் எல்லாம் விழுந்தது. ஆனால் மனம் வேறெங்கோ ஒரு ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பாதங்களைச் செதுக்கியவர். இளநீர் வெட்டிக் கொடுத்தவர். அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“உங்களுக்கு நல்லாத் தெரியுங்களா? இருவது வருசமாச்சு. ஆள் மாறியிருக்கலாமில்லீங்களா?”

கோகிலவாணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

“எங்கம்மாவும் இப்படித்தானுங்க கேட்டாங்க, உனக்கு நல்லாத் தெரியுமான்னு” என்றாள்.

சைத்ராவுக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கோகிலவாணி எழுந்துவிட்டாள்.

“எனக்கு எதுவும் வேண்டாங்க. அந்த வகுப்பு நடக்கக்கூடாது, அவ்வளவுதான். எம்பேரை யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு இது தெரியாதுங்க.”

தன் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு, மண்டபத்தின் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

சைத்ரா திரும்பி வந்து தூரத்திலிருந்து அந்தக் கடையைப் பார்த்தாள். கிருபாசங்கர் ஏதோ சொல்ல, ஹாரிகா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு தான் நடந்த நேரமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து சைத்ராவின் நெஞ்சில் உட்கார்ந்தது.

“ஹாரிகா, இங்கே வா.”

“இரும்மா, இன்னும் ரெண்டு படம் சுருட்டணும்.”

“வான்னு சொன்னேன்ல!”

பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருபாசங்கரும் பார்த்தார். சைத்ரா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். வீட்டில் பேசும் தெலுங்கில்தான் கேட்டாள். அந்தப் பேச்சிலும் வார்த்தை கிடைக்கவில்லை. கோவில், திருவிழா, உறவு முறை எல்லாவற்றுக்கும் வார்த்தை வைத்திருந்த அவர்கள் வீட்டுப் பேச்சில், இதைக் கேட்க ஒன்றும் இல்லை.

“நான் வெளியே போனப்பல்லாம் மாஸ்டர் என்ன பண்ணுவாரு?”

“செதுக்கச் சொல்லித்தருவாரு. ஏம்மா?”

“கையைப் பிடிப்பாரா?”

“உளி வழுக்கும்ல, பிடிப்பாரு.”

அதே சொல். வேறெங்காவது தொட்டாரா, உனக்குப் பிடிக்காத மாதிரி ஏதாவது நடந்ததா, யாரிடமும் சொல்லாதே என்று ஏதாவது சொன்னாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்லை, இல்லை என்றே ஹாரிகா சொன்னாள். முதலில் புரியாமல் சொன்னாள். பிறகு புரிந்துகொண்டு, முகம் வெளுத்துச் சொன்னாள். கடைசியில் அழுதாள்.

“நீதானே கத்துக்கோன்னு விட்டுட்டுப் போனே! இப்ப என்னை ஏன் திட்டற மாதிரி கேக்கறே?”

“உன்னைத் திட்டலைடா. உன் மேல ஒரு தப்பும் இல்லை. எது நடந்திருந்தாலும் இல்லை.”

“ஒண்ணும் நடக்கலைன்னு சொல்றேன்ல!”

சைத்ரா அதை நம்ப விரும்பினாள். நம்பவும் செய்தாள். ஆனால் கோகிலவாணியும் ஒரு வருடம் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தாள் என்பது கூடவே நினைவுக்கு வந்தது. எந்தப் பதிலாலும் முழுதாக அடங்காத ஒரு பயம் அன்றைக்கு அவளுக்குள் வந்து சேர்ந்தது.

சந்தைக்கு வந்திருந்த தன் அக்காவிடம் ஹாரிகாவை ஒப்படைத்துவிட்டு வந்த ஹுமேரா, நின்றபடியே முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“வகுப்பு நடக்காது. அதுல பேச ஒண்ணுமில்லை” என்றாள்.

“நீ உடனே நம்பிட்டியே. எனக்கு நம்ப முடியலை, ஹுமேரா. அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுட்டேன், ஆள் மாறியிருக்குமான்னு.”

“நம்பறதுக்கு எனக்குக் காரணம் இருக்கு” என்று சொல்லிவிட்டு ஹுமேரா வாசல் பலகையை எடுக்கப் போனாள். சைத்ரா மேற்கொண்டு கேட்கவில்லை. இத்தனை வருடத் தோழி. இதுவரை எதையெல்லாம் தான் கேட்காமல் இருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு இருவரும் அவர் கடைக்குப் போனார்கள். அவர் மையுருளையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வகுப்பு இல்லீங்க” என்றாள் சைத்ரா.

“ஏனுங்க அம்மணி, கொழந்தைங்க சேரலீங்களா?”

“நீங்க பள்ளிக்கூடத்தை ஏன் விட்டீங்க?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு அதே நிதானத்தோடு மறுபடியும் துடைத்தது.

“யாரோ வந்திருக்காங்க போலிருக்குது.”

“யாருன்னு நான் சொல்லமாட்டேன்.”

“கோகிலாங்களா?” என்றார் அவர். சைத்ரா அசையவில்லை. “இல்லீன்னா பூங்கொடிங்களா?”

அந்தப் பெயரைக் கோகிலவாணி சொல்லியிருக்கவில்லை. நானும் ராதாமணியும், ரெண்டு பேர் என்றுதான் சொன்னாள். ஹுமேரா சைத்ராவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அதெல்லாம் முடிஞ்சுபோன விசயமுங்க” என்றார் கிருபாசங்கர். குரல் சற்றும் உயரவில்லை. “எனக்கும் அது வேதனைதானுங்க. அதுக்கப்புறம் நான் எந்தக் கொழந்தை பக்கமும் போகலீங்க. அதுக்காகத்தான் ஆத்தோரத்துல ஒண்டியாக் கெடந்தேன்.”

“அப்ப வகுப்பு எடுக்கறேன்னு ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

“நீங்க வந்து கேட்டீங்க. உங்க மாதிரிப் பெரியவங்க கேக்கறப்ப முடியாதுன்னு எப்படீங்க சொல்றது?”

“எம்பொண்ணைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டீங்களே!”

“நீங்கதானுங்களே அம்மணி கூட்டியாந்து விட்டீங்க” என்றார்.

அதில் கேலி இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற அதே மரியாதையோடுதான் சொன்னார். சைத்ராவுக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது, கை வரவில்லை. ஹுமேராதான் பேசினாள்.

“சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. வண்டி நான் சொல்றேன். இனி இங்கே வராதீங்க.”

அவர் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் மடங்காமல் அடுக்கினார். கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டார். பழக்கத்தில் சைத்ராவின் கைகளும் பாதி எழுந்துவிட்டன. அதை நினைத்து அவள் பிறகு பல நாள் குமைந்தாள்.

வகுப்பு இல்லை என்று பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் என்று சைத்ரா போனில் தட்டினாள். ஹுமேரா அதை எட்டிப் பார்த்தாள்.

“உடம்பு சரியில்லைன்னு பிரேயர்ல சொன்னாங்கல்ல, அதையேதான் நீயும் எழுதறே” என்றாள்.

சைத்ரா அழித்தாள். வீட்டுக்குப் போன் செய்து சாய்கிருஷ்ணாவிடம் சொன்னாள். அவன் முதலில் ஹாரிகாவைப் பற்றிக் கேட்டான். அது தெளிந்ததும் பட்டறைக்காரனாகப் பேசினான். “ஆளை அனுப்பிட்டீங்கல்ல. அதோட விடு. எழுத்துல ஏதாவது போட்டா நம்ம மேலதான் கேஸு வரும். உங்க சந்தையும் போயிடும்.”

ஆனாலும் அவள் எழுதினாள். கிருபாசங்கர் ஆசிரியராக இருந்தபோது குழந்தைகளிடம் தவறாக நடந்ததாகத் தனக்குத் தெரியவந்திருக்கிறது, தான் அவரிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை, அவரை விசாரிக்காமல் அழைத்துவந்தது தன் தவறு, அவரிடம் பழகிய குழந்தைகளோடு பெற்றோர்கள் பொறுமையாகப் பேசவேண்டும் என்று எழுதினாள். யார் சொன்னது என்பதற்கு ஒரு குறிப்பும் வைக்கவில்லை.

செய்தி இரவுக்குள் பரவிவிட்டது; ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பாதிக் கூட்டம்தான். சிலர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். பல வருடம் தவறாமல் வருகிற ஒரு பெரியவர், “கலையை வேறயா, ஆளை வேறயாப் பார்க்கத் தெரியணும்மா. ஒரு வயசான மனுசனைக் கெடுத்துப்போட்டீங்களே” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். கடை போட்டிருந்தவர்களிலேயே ஒருத்தி, நாளைக்கு என்னைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னாலும் இப்படித்தான் எழுதுவீர்களா என்று கேட்டாள்.

அவள் வீட்டு ஹாலிலும் அந்தத் தென்னை ஏறும் படம் மாட்டியிருந்தது. சந்தை முடிந்து வந்ததும் கழற்றினாள். கிழித்துப்போடலாம் என்று கையில் எடுத்தவள் பார்த்துக்கொண்டே நின்றாள். படம் கொஞ்சம்கூட மாறவில்லை. பாதங்கள் அத்தனை உயிரோடுதான் இருந்தன. அசிங்கமாகத் தெரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி பீரோவுக்குப் பின்னால் சொருகினாள். அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பு தொந்தரவு செய்யவே, மறுநாள் குப்பை வண்டியில் போட்டாள். போட்டதாலும் ஒன்றும் தீரவில்லை.

கோகிலவாணி போன் செய்தாள். “எம்பேரு எங்கயும் வரலீல்லங்க?”

“வரலைங்க. வராது.” சைத்ரா தயங்கினாள். சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாளாக அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த விசயம். “அவருகிட்டப் பேசினப்ப, நான் சொல்லாமலே உங்க பேரைச் சொன்னாருங்க, இன்னொரு பேரும் சொன்னாருங்க. பூங்கொடின்னு. நீங்க அந்தப் பேரைச் சொல்லலையே.”

“பூங்கொடியா?” என்றாள் கோகிலவாணி. குரல் உடைந்திருந்தது. “அவ என்கூட ஒரே பஸ்ஸுல வருவாளுங்க. ஒரே சீட்டு. ஜன்னலைப் பார்த்துக்கிட்டு ஒண்ணும் பேசமாட்டா. திமிரு புடிச்சவன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனுங்க.”

பழைய வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழு வழியாக அவளைக் கண்டுபிடிக்கக் கோகிலவாணிக்கு அதிக நாள் ஆகவில்லை. பூங்கொடி கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்காரர் வீட்டு மருமகள். ஒரு மதியம் இருவரும் சேர்ந்து பீளமேட்டுக்கு சைத்ராவைப் பார்க்க வந்தார்கள். பூங்கொடி நெடுநெடுவென்று உயரம். சோபாவில் நுனியில் உட்கார்ந்தாள். கொடுத்த காபியைக் குடிக்கவில்லை.

“நான் வருசா வருசம் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயி, நியாயம் கேட்டு மொளகா அரைச்சுப் பூசிட்டு வருவேனுங்க” என்றாள். “யாரு மேல இவளுக்கு இத்தனை கோபம்னு ஊட்டுல யாரும் கேட்டதில்லீங்க. நெலத் தகராறுக்குன்னு எங்க மாமியார் நெனச்சுக்குவாங்க. அந்த ஆளு அதே ஊருல, ஆத்தோரத்துல இருக்கறான்னு இப்பத்தானுங்க தெரியுது. பூசிட்டு வரப்ப அவன் எதுக்க வந்திருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

இருவரும் ஏற்கெனவே பேசி முடிவு செய்திருந்தார்கள். போலீஸில் புகார் கொடுக்கப்போகிறார்கள்.

“அவன் எங்க ரெண்டு பேரு பேரையும் தானாச் சொன்னானில்லீங்க, அதைக் கேட்டது நீங்களும் ஹுமேரா அக்காவும்தான்” என்றாள் கோகிலவாணி. “அதை வந்து சொல்லுவீங்களா?”

சைத்ரா உடனே சரி என்றாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. சாய்கிருஷ்ணா ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும், ஹாரிகாவையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றான். அதுதான் அவளுக்கும் பயம். ஹாரிகாவிடமே கேட்டாள். ஹாரிகா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “கேட்டா, நடந்ததைச் சொல்றேன். உன்கிட்டச் சொன்னதைத்தான் சொல்வேன்” என்றாள். பிறகு, “ஆனா நீ திரும்பத் திரும்பக் கேக்காதே” என்றாள்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நால்வரும் சைத்ராவின் காரிலேயே போனார்கள். கோகிலவாணியும் பூங்கொடியும் உள்ளறையில் வெகுநேரம் இருந்தார்கள். பிறகு ஹுமேராவைக் கூப்பிட்டார்கள்; கடைசியாக சைத்ராவை. பெண் இன்ஸ்பெக்டர் கடுமையாகவும் இல்லை, கனிவாகவும் இல்லை. பழைய விசயம், நிரூபிக்க நாளாகும் என்பதை மறைக்காமல் சொன்னார். கிருபாசங்கர் எப்படிப் பழக்கம் என்று கேட்டார்.

“பழக்கம் இல்லைங்க. நானாத் தேடிப் போனேன். அவரு பாட்டுக்கு இருந்தவரை நான்தான் எல்லார்கிட்டயும் கொண்டாந்து காட்டினேன்” என்றாள் சைத்ரா.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். “அதனாலதானே இவங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அது ஆறுதலா, சும்மா சொன்னதா என்று சைத்ராவால் கண்டுகொள்ள முடியவில்லை.

புகாரைப் பதிந்துகொண்டார்கள். கிருபாசங்கரை விசாரணைக்கு அழைப்பதாகச் சொன்னார்கள். வெளியே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. எதிரில் இருந்த பேக்கரியில் நால்வரும் உட்கார்ந்து டீ சொன்னார்கள். தேங்காய் பன் ஒன்றை நாலாக வெட்டி வாங்கி வைத்தாள் ஹுமேரா. யாரும் எடுக்கவில்லை. பூங்கொடி மட்டும் ஒரு துண்டை எடுத்து, பசி வந்துவிட்டதே என்று வெட்கப்பட்டுக்கொண்டே தின்றாள்.

“எங்க ஊட்டுல நேத்தே சொல்லிப்போட்டேனுங்க” என்றாள். “எங்க மாமியார் ஒண்ணுமே சொல்லலை. காலையில நான் கெளம்பறப்ப வந்து தலையை வாரி உட்டாங்க. அவ்வளவுதான்.”

கோகிலவாணி தன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் இன்னும் கணவனிடம் சொல்லவில்லை. சம்மன், கோர்ட் என்று ஏதாவது வீட்டுக்கு வருவதற்கு முன்பு சொல்லியாக வேண்டும் என்று காவல் நிலையத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

“நான் வேணா கூட வரட்டுங்களா, பேசறதுக்கு?” என்று சைத்ரா கேட்டாள்.

“வேண்டாங்க. இது நாஞ்சொல்றதுதான்.”

போனை எடுத்துக்கொண்டு எழுந்து, கடைக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாள். அவள் முதுகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. பேசினாள். பேசும்போது ஒரு கை காற்றில் எதையோ விளக்கியது. பிறகு கை தாழ்ந்தது. அப்புறம் அவள் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். ஒரு டவுன் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மூவரும் டீயைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்ன சொன்னாருங்க?” என்றாள் பூங்கொடி.

“எங்க இருக்கேன்னு கேட்டாரு. சொன்னேன். வாரேன்னு சொல்லியிருக்காரு.”

“கோபமாவா?”

“தெரியலீங்க.” கோகிலவாணி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். “வாரேன்னு மட்டும்தான் சொன்னாரு. வெச்சுட்டாரு.”

பூங்கொடிக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் கோகிலவாணியின் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். ஹுமேரா இன்னொரு டீ சொன்னாள். ரோட்டில் வந்த ஒவ்வொரு பைக்கையும் நால்வரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.